பில் போடாத புத்தகக் கட்டு

நுகர்வோர் வழக்குக்குப் பருவம் உண்டு என்று சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் மாடியில் ஓர் அறை பிடித்து உட்கார்ந்த பிறகு தானாகத் தெரிந்தது. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் இன்சூரன்ஸ் காகிதங்கள் வரும்: தண்ணீரில் நின்ற பைக், நனைந்த பிரிட்ஜ், உங்கள் பாலிசியில் இது அடங்காது என்று இரண்டு வரிக் கடிதம். வெயில் ஏறினால் ஏசி. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் காசிமேடு முழுக்க எஞ்சின் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கும். அதில் கிளம்பும் தகராறு சில என் மேஜைக்கு வந்து சேரும். ஜூன் பிறந்தால் புத்தகக் கட்டு.

கட்டு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பள்ளி வாசலிலோ, பள்ளி கைகாட்டும் கடையிலோ, பிளாஸ்டிக் பையில் போட்டு டேப் ஒட்டிக் கொடுப்பது. யார் கொண்டுவந்தாலும் முதலில் அதைப் பிரித்து மேஜையில் பரப்பச் சொல்வேன். சில வருடங்களுக்கு முன் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் ஓர் அக்கா, மூன்றாம் வகுப்புப் போகும் மகனின் கட்டோடு வந்தார். அரசுப் பாடநூல்கள் இருந்தன, விலை அச்சிட்டு. அவற்றோடு பொது அறிவு, நன்னெறி, கம்ப்யூட்டர், ஆங்கில இலக்கணம், கையெழுத்துப் பயிற்சி என்று தனியார் பதிப்பகங்களின் பளபளப்பான புத்தகங்கள். பள்ளியின் பெயரும் சின்னமும் போட்ட நோட்டுகள். பிரவுன் ஷீட், லேபிள், டைரி. எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். அதற்கு அத்தாட்சி உள்ளங்கை அளவு மஞ்சள் சீட்டு ஒன்று: பையன் பெயர், வகுப்பு, தொகை, 'பணம் பெறப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்ப். பெற்றுக்கொண்டது யார் என்று மட்டும் அதில் இல்லை.

"இதே பொது அறிவு புக்கு பாரிஸ்ல பாதி வெலைக்குக் கெடைக்குது வக்கீலம்மா. வெளிய வாங்கினு போனா கிளாஸ்ல சேத்துக்க மாட்டேன்றாங்க. நோட்டுல இஸ்கூல் பேரு இருந்தே ஆவணுமாம்."

"பில் கேட்டீங்களாக்கா?"

"கேட்டேனே. இந்தச் சீட்டுதான் பில்லு, பத்திரமா வெச்சுக்கோன்னாங்க."

பில் போடாததற்குக் காரணம் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. நோட்டுக்கு 2025 செப்டம்பர் வரை 12 சதவீதம் இருந்தது. ஒழுங்காகப் பில் போட்டால் நோட்டு எத்தனை, புத்தகம் எத்தனை, ஒவ்வொன்றும் என்ன விலை என்று வரிவரியாகத் தெரிந்துவிடும். விற்பது பள்ளியா, அறக்கட்டளையா, தாளாளரின் மைத்துனர் பெயரில் இருக்கும் கடையா என்பதும் தெரிந்துவிடும். மொத்தமாக ஒரு தொகை எழுதிய சீட்டில் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராததே முறையற்ற வணிக நடவடிக்கை. ஒரு பொருள் வேண்டுமானால் இன்னொன்றையும் சேர்த்து வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது கட்டுப்படுத்தும் வணிக நடவடிக்கை; இது 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 1993 திருத்தத்தின் வழியாக வந்துவிட்டது. கேஸ் இணைப்புக்குப் போனால் அடுப்பையும் வாங்கு என்பார்களே, ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டால் டீத்தூள் பாக்கெட்டையும் தள்ளுவார்களே, அதெல்லாம் இந்த இனம். பாடநூலோடு நன்னெறிப் புத்தகத்தையும் கட்டாயம் தலையில் கட்டுவது வேறென்ன? ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டும் என்ற அவசியமும் இல்லை. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வழக்குப் போடும் இடம் அருகில் இருப்பது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய விஷயம். திருவொற்றியூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தாலும், வருவாய்க் கணக்கில் 2018 வரை திருவள்ளூர் மாவட்டம். தேரடியில் மிக்சி வாங்கி அங்கேயே குடியிருக்கும் ஒருவர், அப்போது கண்ணுக்கு எதிரே இருக்கும் சென்னையை விட்டுவிட்டுத் திருவள்ளூருக்கு ரயிலேற வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலி போகும். நாலு வாய்தாவுக்குள் மிக்சியின் விலை தீர்ந்துவிடும்.

இவ்வளவும் சாதகமாக இருந்தும் புத்தகக் கட்டுப் புகாரை எழுதக் கை தயங்குவதற்குக் காரணம், எதிரே இருப்பது பள்ளி. நுகர்வோர் சட்டத்தில் கல்வி நுழையும் இடத்தில் ஒரு பெரிய பூட்டுத் தொங்குகிறது.

அந்தப் பூட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிஞர்கள் எழுதிய கட்டுரைகளில் நான் ஆசையோடு படிப்பதும் எரிச்சலோடு மூடி வைப்பதும் இந்தப் பகுதியைத்தான். 2009இல் உச்ச நீதிமன்றம் பூபேஷ் குரானா வழக்கில், அங்கீகாரம் இல்லாமலே இருப்பதாகச் சொல்லி மாணவர்களைச் சேர்த்த பல் மருத்துவக் கல்லூரி சேவைக் குறைபாடு செய்ததாகத் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு பீகார் தேர்வு வாரிய வழக்கில், தேர்வு நடத்துவது சேவையே அல்ல என்றது. 2010இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழகம் எதிர் சுர்ஜீத் கௌர் வழக்கில் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. 2012இல் பி.டி. கோஷி வழக்கில் சில வரிகளில் ஓர் ஆணை: கல்வி பண்டம் அல்ல, கல்வி நிறுவனங்கள் சேவை வழங்குவோர் அல்ல. இவற்றையெல்லாம் அடுக்கி வைத்து 2020 ஜனவரி 20 அன்று தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு, மனு சோலங்கி எதிர் விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் வழக்கில் ஒரேயடியாகக் கதவைச் சாத்தியது. பள்ளி, கல்லூரி எதுவும் இந்தச் சட்டத்துக்குள் வராது. படிப்போடு சேர்ந்த சுற்றுலா, நீச்சல் போன்றவையும் வராது. தனிப்பயிற்சி மையங்கள் மட்டும் வரும். அந்த வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ஆக, நீட் கோச்சிங் சென்டர் ஏமாற்றினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பள்ளி ஏமாற்றினால் போக முடியாது. இதற்கு என்ன தர்க்கம் என்று என் அறைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறார்கள். கல்வி வணிகம் அல்ல என்ற உயர்ந்த கொள்கை இருக்கிறது பாருங்கள், அதைப் பெற்றோர் நம்பினால் பள்ளிக்கு லாபம், பள்ளி நம்பினால் நஷ்டம் என்று சொல்லி வைப்பேன். விளையாட்டுக்குச் சொல்வதுதான், ஆனால் முழு விளையாட்டும் இல்லை.

சட்டப் புலமை இந்த விஷயத்தில் எங்களைக் கைவிட்டது என்பது என் அபிப்பிராயம். மதராஸ் லா ஜர்னல் 1891இல் தொடங்கிய ஊர் இது. சொத்து, வாரிசுரிமை, அரசியல் சாசனம் என்றால் இங்கே எழுதப்பட்ட காகிதத்தை அடுக்க ஒரு மண்டபம் வேண்டும். நுகர்வோர் சட்டமோ சட்டக் கல்லூரியில் டார்ட்ஸ் எனப்படும் தீங்கியல் பேப்பரின் வால். டார்ட்ஸ், மோட்டார் வாகன விபத்து, நுகர்வோர் பாதுகாப்பு மூன்றும் ஒரே தாளில். ஆசிரியர் செமஸ்டர் முடிவில் வேகவேகமாகக் கடந்துபோகும் பகுதி. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் டி.என். சராஃப், அவ்தார் சிங் எழுதிய புத்தகங்களை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினோம். கட்டுரை எழுதுகிறவர்கள் கல்வி சேவையா இல்லையா என்ற பெரிய கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். மஞ்சள் சீட்டைக் கையில் வைத்திருக்கும் அக்காவுக்கு அந்தக் கேள்வியே வேண்டாம். அவர் வாங்கியது நோட்டு. நோட்டு பண்டம். விற்றவர் வியாபாரி. அவர் பள்ளி நடத்துகிறார் என்பதற்காக நோட்டு விற்பனை கல்வியாக மாறிவிடுமா?

என் கைப்பக்குவம் என்று ஏதாவது இருந்தால் இங்கேதான். புகாரில் பள்ளியின் பெயரை முதல் எதிர்த்தரப்பாகப் போட மாட்டேன். விற்ற கடை, அல்லது பணம் எந்தக் கணக்கில் ஏறியதோ அந்தக் கணக்குக்காரர்தான் முதல் எதிர்த்தரப்பு. 'கல்வி', 'கற்பித்தல்', 'ஆசிரியர்' போன்ற சொற்கள் மனுவில் எங்கும் வரக்கூடாது. பொருளின் பட்டியல், வெளிச்சந்தை விலை, தனித்தனியாகத் தர மறுத்த தேதி, பில் கேட்ட தேதி. மன உளைச்சல் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஆணைய உறுப்பினர்கள் கண்ணை அந்த வரியில் நிறுத்துவதே இல்லை. எல்லா மனுவிலும் உளைச்சல் இருக்கிறது. வெளியில் வாங்கிய நோட்டோடு போனதால் பையன் எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் வகுப்புக்கு வெளியே நின்றான் என்று எழுதினால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பணத்தின் தடத்தைக் காட்டி வழக்கை நிறுத்தும் இந்த வித்தையை எனக்குக் கற்றுத் தந்தது பள்ளி வழக்கு இல்லை, ஒரு படகு எஞ்சின். பைபர் படகில் பின்னால் மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. வாங்கிய மூன்றாம் மாதமே நடுக்கடலில் நின்றுபோய், பக்கத்துப் படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. டீலர் இரண்டு முறை பிரித்து மாட்டினார், பிறகு போனை எடுக்கவில்லை. வழக்குப் போட்டதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொன்ன முதல் வார்த்தை: வணிக நோக்கம். சம்பாதிப்பதற்காக வாங்கிய எஞ்சின், ஆகவே இவர் நுகர்வோர் அல்ல.

இதற்கு விடை 1995லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் இருக்கிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் எதிர் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். தன் பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் பயன்படுத்த வாங்கினால் அவர் நுகர்வோரே; துணைக்கு ஓரிரு ஆள் வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது என்றார் நீதிபதி ஜீவன் ரெட்டி. தானே ஓட்டும் ஆட்டோக்காரர் உள்ளே, பத்து ஆட்டோவை வாடகைக்கு விடுகிறவர் வெளியே. படகில் போவதோ நாலு பேர். மூன்று கூலியாட்கள் வைத்திருக்கிறார், ஆகவே முதலாளி என்றார் எதிர் வக்கீல். அவர் கடற்கரைப் பக்கம் வந்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பைபர் படகில் கூலி எங்கே இருக்கிறது? பங்கு. மண்ணெண்ணெய், ஐஸ் செலவு கழித்து, வலைக்கும் எஞ்சினுக்கும் போக, மிச்சத்தில் ஆளுக்கு ஒரு பங்கு. மீன் இல்லையென்றால் எல்லாருக்கும் பட்டினி. இதை எப்படி நிரூபிப்பது? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். முன் பக்கங்களில் மகளின் நாலாம் வகுப்பு வாய்ப்பாடு. பின் பக்கத்திலிருந்து திருப்பினால் பங்குக் கணக்கு, தேதி வாரியாக, ஆள் பெயரோடு. அட்டையில் பள்ளியின் பெயர், சின்னம். ஆணையத்தில் அது சான்றாவணம் ஏ6 என்று குறியிடப்பட்டது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது, பெண் உறுப்பினர் நோட்டை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுத்தில் கொடுங்கள் என்றார். ஒரு கேள்வியும் வரவில்லை. எஞ்சின் விலையைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவானது. டீலர் மாநில ஆணையம் வரை போய்விட்டுத்தான் பணத்தைக் கொடுத்தார்.

பணம் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற இந்த ஒரே கயிற்றில்தான் சட்டம் முழுக்கத் தொங்குகிறது. அதனால் வெளியே விடப்படுகிறவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, வலை முழுக்க கறுப்பாகி நின்றவர்கள் என்னிடமும் வந்தார்கள். அவர்கள் எந்த ஆலையிடமும் எதையும் வாங்கவில்லையே, நுகர்வோர் ஆணையத்தில் என்ன சொல்லி நிற்பது? பசுமைத் தீர்ப்பாயத்தின் வழியைக் காட்டி அனுப்பினேன்.

ஒரே தெருவில் மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். புத்தகம் இலவசம், ஆகவே அவள் நுகர்வோர் இல்லை. அடுத்தவன் கட்டணம் கட்டி மெட்ரிகுலேஷனில். பணம் கட்டுகிறான், ஆனால் மனு சோலங்கி குறுக்கே நிற்கிறது. மூன்றாவது பிள்ளை ஆர்டிஇயில், அதாவது கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில், அதே மெட்ரிகுலேஷனில் சேர்ந்தவள். படிப்பு இலவசம் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, புத்தகத்துக்கும் யூனிபாரத்துக்கும் பணம் கட்டச் சொல்வார்கள். இது தப்பு என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி தண்டபாணி தீர்ப்பளித்திருக்கிறார்: புத்தகம், சீருடைச் செலவும் அரசின் பொறுப்பு. இந்த மூன்றாவது பிள்ளையை வைத்துத்தான் சட்டம் படித்தவர்கள் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, மருத்துவச் சிகிச்சை சேவை ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம். அது அடிபட்டுப் போனது. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை சட்டத்துக்கு வெளியே. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடத்தில், இலவச நோயாளியும் நுகர்வோர்தான் என்றது சாந்தா தீர்ப்பு. அந்த அளவுகோலைப் பள்ளிக்கு வைத்தால் ஆர்டிஇ பிள்ளை வாசலுக்குள் வந்துவிடுகிறாள். யாராவது ஒருவர் இதை உட்கார்ந்து எழுதி, உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்க மாட்டார்களா?

கட்டுக்குப் பணம் கட்டியும் புத்தகம் கைக்கு வராத வருடமும் உண்டு. புத்தகத்துக்குத் தடை என்றால் எங்கள் ஊரில் இன்னமும் 2011ஐத்தான் நினைப்பார்கள். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு திட்டங்களை ஒன்றாக்கும் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. முதலில் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும். மற்ற வகுப்புகளுக்கு 200 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புத்தகம் அச்சாகிக் கிடங்கில் இருக்கும்போது மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு பள்ளித் திறப்பை ஜூன் 15க்குத் தள்ளி, சமச்சீரை நிறுத்திவைக்கச் சட்டத் திருத்தமும் கொண்டுவந்தது. பள்ளி திறந்தும் கையில் புத்தகம் இல்லை. அந்த ஜூன், ஜூலையில் என் அறையில் வழக்கத்துக்கு மாறான கூட்டம். "கட்டுக்குப் பணம் கட்டியாச்சு மேடம், பழைய புக்கா புது புக்கான்னு யாருக்கும் தெரியல. பணத்தையாவது திருப்பி வாங்கிக் குடுங்க." நான் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே உயர் நீதிமன்றத்தில் பெரிய வழக்கு ஓடியது. ஜூலை 18 அன்று தலைமை நீதிபதி இக்பால், நீதிபதி சிவஞானம் அமர்வு திருத்தத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் 25 காரணங்களை வரிசையாகச் சொல்லி அதை உறுதி செய்து, பத்து நாளுக்குள் புத்தகத்தைக் கொடுக்கச் சொன்னது. தள்ளிவைப்பதாகச் சொல்லிக்கொண்டு சட்டத்தையே ஒழித்துக்கட்டுவது செல்லாது என்பது அதன் சாரம்.

புத்தகம் வந்தது, ஸ்டிக்கரோடு. முன்னாள் முதல்வர் கருணாநிதி எழுதிய பகுதிகளும் செம்மொழி மாநாடு தொடர்பான பக்கங்களும் மறைக்கப்பட்டிருந்தன. சில இடங்களில் கறுப்பு மை, சில இடங்களில் பக்கத்தையே கிழித்திருந்தார்கள். கிளையண்ட் ஒருவரின் மகள் ஸ்டிக்கரை ஈரத்துணி போட்டு ஊற வைத்து உரித்துவிட்டு, மூடியிருந்த கவிதையை மட்டும் மனப்பாடமாக ஒப்பித்தாள். பாடத்தில் வேறெதையும் அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டாள். அப்போது எனக்கு ஒரு குறும்பு யோசனை. மெட்ரிகுலேஷன் பிள்ளை அந்தப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள். விலைக்கு வாங்கிய பொருளில் ஒரு பகுதியை மையால் அழித்துக் கொடுத்தால் அது குறையுள்ள பொருள் ஆகாதா? பக்கம் குறைந்த நோட்டுக்குப் பணம் திரும்பும் என்றால் பக்கம் மறைந்த புத்தகத்துக்கு? வழக்காகப் போடவில்லை, அந்தக் கட்டம் அரசியல் சாசனத்தின் கட்டம். ஆனால் பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையின் புத்தகத்தில் அதே ஸ்டிக்கர், அதே இடத்தில். அவளுக்கு இந்த வாதமும் கிடையாது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. மறைக்கச் சொல்வதில் கட்சி பேதம் பார்க்கவும் முடியாது. 2012இல் என்சிஇஆர்டி புத்தகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கிண்டல் செய்த ஆர்.கே. லட்சுமணனின் கார்ட்டூனை எடுக்கச் சொல்லி நம் கட்சிகள் எல்லாம் ஒரே குரலில் கேட்டன.

மறுபடி கட்டுக்கு வருவோம். சிபிஎஸ்இ பக்கம் கதை வேறு மாதிரி. 2017 ஏப்ரலில் வாரியம் சுற்றறிக்கை விட்டது: பள்ளி வளாகத்தில் புத்தகம், சீருடை விற்கக் கூடாது, குறிப்பிட்ட கடையில் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆகஸ்டிலேயே, என்சிஇஆர்டி புத்தகமும் எழுதுபொருளும் விற்க உள்ளே சிறு கடை வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. அந்தச் சிறு கடையின் கதவு எவ்வளவு அகலம் என்று பெற்றோருக்குத் தெரியும். 2018 மே மாதம் நீதிபதி கிருபாகரன், ஒன்று இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது, சிபிஎஸ்இ பள்ளிகள் என்சிஇஆர்டி புத்தகங்களையே பயன்படுத்த வேண்டும், பை கனத்தைக் குறையுங்கள் என்று விரிவான தீர்ப்புத் தந்தார். அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றை நான் கட்டுப் புகார்களோடு இணைப்பதுண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் மாவட்ட நிர்வாகம் 2024 மே மாதம் பள்ளி நிர்வாகிகளையும் புத்தக வியாபாரிகளையும் சேர்த்துக் கைது செய்ய வைத்தது. கலெக்டர் நினைத்தால் ஒரு மாதத்தில் நடப்பதற்கு நாங்கள் ஆளுக்கு ஒரு மனு எழுதி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம்.

சட்டத்தின் பூட்டைப் பற்றி இவ்வளவு சொன்னேனே தவிர, என் அனுபவத்தில் கட்டுப் புகார்கள் முக்கால்வாசி நின்றுபோவது அங்கே இல்லை. மஞ்சள் சீட்டு அக்காவுக்கு மனுவை முழுக்க எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்துப் போட வந்தவர் பேனாவை எடுக்கவில்லை.

"சின்னவள அடுத்த வருஷம் அங்கதான் எல்கேஜி சேக்கணும் வக்கீலம்மா. பெரியவனுக்கு டிசி குடுத்துட்டா இன்னா பண்றது?"

"அப்படிக் கொடுக்க முடியாதுக்கா."

"குடுக்க மாட்டாங்க. ஆனா ரிப்போர்ட் கார்டு குடுக்கும்போது மொகத்தப் பாத்து ஒரு மாதிரி பேசுவாங்க இல்ல?"

இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. பிரிட்ஜ் விற்ற கடைக்காரனை வாங்கியவர் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. பள்ளியைப் பன்னிரண்டு வருடம் தினமும் காலையில் பார்க்க வேண்டும். அதனால்தான் பெற்றோர் பெயர் முன்னால் நிற்காத வழியைத் தேடினோம். பதிவுபெற்ற நுகர்வோர் சங்கம் தன் பெயரிலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. சென்னையில் 1985லேயே தொடங்கி இயங்கும் சிஏஜி போன்ற அமைப்புகள் நகரம் முழுக்கத் தெரிந்தவை. எங்கள் பக்கத்தில் திருவொற்றியூரில் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலர் ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். தொழிற்சங்கத்தில் ஊறியவர்கள், நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவது அவர்களுக்கு டீ குடிப்பது மாதிரி. கட்டு வாங்கிய பெற்றோரிடம் சீட்டுகளைத் திரட்டினார்கள். பெயரை மறைத்து, தொகையையும் வகுப்பையும் மட்டும் பட்டியலிட்டோம். ரொக்கமாகக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, ஜிபேயில் கட்டியவர்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளை முதலில் அடுக்கினோம், ஏனென்றால் அதில் கணக்குக்காரர் பெயர் வந்துவிடுகிறது. அந்தப் பெயர் பள்ளியின் பெயர் இல்லை. ஒரு ஸ்டேஷனரி கடையின் பெயர்.

கடைக்கு நோட்டீஸ் போனது. பள்ளிக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. முதல் பதில் வழக்கம்போல: நாங்கள் கல்விச் சேவைக்குத் துணை நிற்கிறோம், நுகர்வோர் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. நோட்டு விற்கும் கடை மனு சோலங்கியின் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது. ஒன்பது பக்கப் பதில் எழுதினேன். அதில் எட்டுப் பக்கம் பொருள் பட்டியல். புகார் பதிவாகும் முன்பே கடைக்காரர் ஆள் அனுப்பினார். இனிமேல் பில், வரிவரியாக. தனியார் புத்தகம் வேண்டாதவர்கள் வாங்க வேண்டாம். பள்ளிப் பெயர் அச்சிட்ட நோட்டில் மட்டும் கைவைக்காதீர்கள், அது நிர்வாகத்தின் உத்தரவு என்றார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நோட்டுக்குத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், கிடைத்ததை எழுத்தில் வாங்குங்கள் என்றார்கள். எழுதி வாங்கினேன்.

போன ஜூனில் அந்தக் கடையின் பில் ஒன்றை ஒரு தகப்பனார் கொண்டுவந்தார். அச்சிட்ட பில், எண், தேதி, ஜிஎஸ்டி எண் எல்லாம் ஒழுங்கு. புத்தகங்கள் ஒவ்வொன்றும் தனி வரியில், அட்டை விலையோடு. நோட்டுகள் தனி வரியில். கடைசியில், கூட்டுத்தொகைக்கு மேலே, 'இதர வகை' என்று ஒரு வரி: 1,450 ரூபாய். அது என்ன வகை என்று கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதினைந்து நாள் கெடு.